யோபுவின் நண்பர்களுக்கு ஒரு மறுப்பு

விசுவாசம் சரியாக இருந்தால் வாழ்க்கை சரியாக இருக்கும். வாழ்க்கை சரியாக இல்லையென்றால் விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. தமிழ்ச் சபைகளில் இன்று மறுப்பார் இல்லாமல் உலவும் போதனை இதுதான். இது எந்த விசுவாசப் பிரமாணத்திலும் எழுதப்படவில்லை. போதகர்களிடம் நேரே கேட்டால், "அப்படியெல்லாம் நாங்கள் போதிப்பதில்லை" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் பிரசங்கத்தின் தொனியில் அது இருக்கிறது. யாரைச் சாட்சி சொல்ல அழைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்கும் கேள்வியில் இருக்கிறது. எழுதி வைத்த கொள்கையென்றால் யாராவது வாதாட வருவார்கள். எழுதப்படாத கொள்கையோடு வாதாட ஆள் இல்லை. அதனால் அது செல்வாக்கோடு வாழ்கிறது.

இந்தப் போதனைக்கு இரண்டு கிளை. ஒன்று துன்பத்தைப் பற்றியது: நோயும் கடனும் குழந்தையின்மையும் விலகாமல் தொடர்ந்தால் விசுவாசக் குறைவோ, மறைத்த பாவமோ, தலைமுறைச் சாபமோ காரணம். மற்றது தவறுகளைப் பற்றியது: மெய்யாகவே இரட்சிக்கப்பட்டவன் பழைய பாவத்தில் மறுபடி விழமாட்டான், விழுந்தால் அவன் இரட்சிக்கப்பட்டதே சந்தேகம். இரண்டுமே வேதத்துக்கு விரோதம், சபை வரலாற்றுக்குப் புறம்பு, நம்மோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்குச் செய்யும் கொடுமை என்பது என் கட்சி.

முதல் கிளை நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மருத்துவமனை வார்டு, சாயங்காலப் பார்வையாளர் நேரம். கீமோ ஏற்றி மூன்று நாளான ஒரு அம்மாள். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. சபையிலிருந்து மூன்று சகோதரிகள் வருகிறார்கள். ஒருவர் கையில் ஜிப் வைத்த வேதாகமம், இன்னொருவர் கையில் சாத்துக்குடிப் பை. ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். கிளம்பும்போது மூத்தவர் காதருகே குனிகிறார்: "ஏதாவது தடை இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க சிஸ்டர். யாரையாவது மன்னிக்காம இருக்கீங்களா?" அவர்கள் கெட்டவர்கள் அல்ல. இரண்டு பஸ் மாறி வந்தவர்கள். வேறு யாரும் வராதபோது வந்தவர்கள். ஆனால் அவர்கள் போன பிறகு அந்த அம்மாள் என்ன செய்கிறார்? தூக்கம் வராத இரவில், இருபது வருடத்துக்கு முன் நாத்தனாரோடு போட்ட சண்டையிலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டுகிறார். புற்றுநோயோடு ஒரு குற்ற விசாரணையும் இப்போது அவர் தலையில். குற்றவாளியும் அவரே, விசாரிக்கிறவரும் அவரே. இதை ஊழியம் என்று நாம் அழைக்கிறோம்.

அந்தக் கேள்வி புதிதல்ல. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும் சீடர்கள் இயேசுவிடம் அதையே கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா? இரண்டும் இல்லை என்று சொல்லி அவர் அந்தக் கேள்வியைத் தள்ளினார். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும் அப்படித்தான். செத்தவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று எண்ணாதீர்கள் என்றார். துன்பத்துக்குப் பின்னால் ஒரு குற்றவாளியைத் தேடும் பழக்கத்தை அவர் இரண்டு இடத்தில் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிக் கூடுகிற நாம் அந்தப் பழக்கத்தை ஒரு வரமாகவே வளர்த்து வைத்திருக்கிறோம்.

யோபுவின் புத்தகம் முழுவதுமே இந்தப் போதனைக்கு எதிரான வழக்குத்தான். அவனுடைய நண்பர்கள் மூவரும் முட்டாள்கள் அல்ல. கடவுள் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் காரணமில்லாமல் தண்டிக்கமாட்டார், ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று ஒழுங்காகப் பேசினார்கள். அவர்களுடைய பேச்சுகளில் பல பகுதிகளை இன்றும் எந்த உபவாசக் கூட்டத்திலும் பிரசங்கமாக வைக்கலாம். ஆமென் சொல்லாத ஆள் இருக்கமாட்டான். யோபுவோ பிறந்த நாளைச் சபித்தான், கடவுளையே வழக்குக்கு இழுத்தான். கடைசியில் தீர்ப்பு என்ன? தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான், அந்த நண்பர்கள் அல்ல என்று கர்த்தர் சொன்னார். அவர்கள் பலி செலுத்த வேண்டும், அவர்களுக்காக யோபு ஜெபிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குத்தான் மன்னிப்புத் தேவைப்பட்டது. இந்தப் புத்தகத்தை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டே யோபுவின் நண்பர்களாக நாம் மருத்துவமனைகளுக்குப் போகிறோம்.

பவுலின் ஊழிய வட்டத்தையும் பாருங்கள். துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் எழுதுகிறார். எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைமைக்குப் போய் மீண்டவன். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறாரே தவிர, அவனுடைய விசுவாசத்தில் தடை எங்கே என்று அவர் விசாரிக்கவில்லை. தன் உடம்பில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது நீங்கவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. இன்று அவர் நம் ஊர் ஜெபக்கூட்டம் ஒன்றுக்கு வந்து இதைச் சொன்னால், நாலாவது தரம் உபவாசத்தோடு ஜெபியுங்கள் என்று புத்தி சொல்ல நம்மில் பத்துப் பேர் எழுந்து நிற்போம்.

அப்படியானால் இந்தப் போதனை எங்கிருந்து வந்தது? ஆதித் திருச்சபையிலிருந்து அல்ல. வாயினால் அறிக்கையிட்டதை நிஜமாக்கிக்கொள்ளலாம் என்ற போதனைக்கு அமெரிக்காவில் இ.டபிள்யூ. கென்யன் (1867–1948) வழி போட்டார். கென்னத் ஹேகின் (1917–2003) அதை ஊரெங்கும் கொண்டுபோனார். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தை ஒட்டி 1974இல் அவர் தொடங்கிய பள்ளியில் படித்தவர்கள் பல நாடுகளுக்குப் போனார்கள். கடவுளுக்குக் கொடுக்கும் பணம் விதை, அது பலமடங்காகத் திரும்பும் என்று ஓரல் ராபர்ட்ஸ் போதித்தார். பிறகு செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. டல்சாவின் சரக்கு தமிழில் பேச ஆரம்பித்தது. இருநூறு வருடமாகக் காலராவையும் பஞ்சத்தையும் பார்த்த திருநெல்வேலிச் சபைக்கு, துன்பப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று கற்றுக்கொடுக்க ஓக்லஹோமாவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

திருநெல்வேலிச் சபைக்கு வேறு ஒரு பாடம் வீட்டு வாசலிலேயே இருந்தது. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேலோடு ஊழியம் செய்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தது. யாக்கோபின் நிருபம் சொல்கிறபடி எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வெற்றியின் அடையாளமாகக் கட்டிலின்மேல் ஒரு குருத்தோலையும் வைத்தார்கள். அன்று முதல் வலி அதிகமாயிற்று. 1915இல் பொன்னம்மாள் இறந்தார். இந்தச் செய்தி நமக்குத் தெரிவது எப்படி? ஏமி அம்மாவே எழுதி வைத்திருக்கிறார். குருத்தோலையை மறைக்கவில்லை, வலி கூடியதையும் மறைக்கவில்லை, பொன்னம்மாளிடம் ஏதோ தடை இருந்தது என்று கதை கட்டவும் இல்லை. பொன்னம்மாளின் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். ஜெபித்த அதே டோனாவூர் பிற்பாடு மருத்துவமனையும் கட்டியது.

1931 அக்டோபரில் ஏமி அம்மாவின் முறை வந்தது. களக்காட்டில், மருந்தகத்துக்காக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர் இருட்டில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. 1951 ஜனவரியில் சாகும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்கு ஒரு நோயாளியாகக் கடிதங்கள் எழுதி நூலாக்கினார். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் புத்தகங்கள் கட்டிலில் கிடப்பவரைத் தொடுவதில்லை என்பது அவருடைய குறை. அவரை இந்தியாவுக்கு அனுப்பத் துணை நின்றது இங்கிலாந்தின் கெஸிக் கன்வென்ஷன்; வெற்றியுள்ள கிறிஸ்தவ ஜீவியத்தைப் போதிப்பதற்கென்றே 1875 முதல் கூடிவந்த கூட்டம். அந்த மேடையின் மிஷனரி இருபது வருடம் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய விசுவாசம் தோற்றுவிட்டது என்று டோனாவூரில் வளர்ந்த பிள்ளைகள் நினைக்கவில்லை. அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல் கிடையாது; பறவைகள் நீர் குடிக்கும் தொட்டியில் 'அம்மா' என்று மட்டும் இருக்கிறது.

இதற்கு எதிர்க்கட்சி சொல்லும் பதில் எளிதாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. சுவிசேஷங்களில் இயேசு சுகமாக்கினார். விசுவாசத்தைப் பார்த்தே சுகமாக்கினார் என்று பல இடங்களில் இருக்கிறது. விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை எழுப்பும் என்று யாக்கோபு எழுதினார். தவிரவும், கூரைக் கொட்டகைச் சபைகள்தான் யாரும் எட்டிப்பார்க்காத குடிசைகளுக்குப் போயின. பள்ளிக்கூடமும் கோபுரமும் வைத்திருந்த பெரிய சபைகள் கைவிட்ட ஏழைகளுக்கு, உனக்கும் கடவுள் செய்வார் என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த ஒரு வார்த்தையால் குடியை விட்டவர்கள் உண்டு, தற்கொலையிலிருந்து திரும்பியவர்கள் உண்டு.

இத்தனையையும் ஒப்புக்கொள்கிறேன். சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாது என்பது என் வாதம் அல்ல. தைரியமாக ஜெபிக்க வேண்டும். கிடைத்த சுகத்துக்கு நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் சுகம் என்பது ஈவு. அதை விசுவாசத்துக்குக் கிடைக்கும் கூலியாக மாற்றிய நிமிஷத்தில், கிடைக்காதவன் வேலை செய்யாதவன் ஆகிவிடுகிறான். சுவிசேஷங்களிலேயே விசுவாசத்தைக் கேட்காமல் நடந்த அற்புதங்கள் இருக்கின்றன. நாயீன் ஊர் விதவை எதையும் கேட்கவில்லை. மகனின் பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு போனாள், அவ்வளவுதான். செத்து நாலு நாளான லாசரு எந்த விசுவாசத்தை அறிக்கையிட்டான்? எழுப்பப்பட்ட லாசருவும் பிறகு ஒருநாள் செத்துத்தான் போனான்.

எல்லாவற்றுக்கும் மேலே கெத்செமனே இருக்கிறது. கேட்டது கிடைப்பதுதான் விசுவாசத்துக்கு அளவுகோல் என்றால், அந்தத் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கும்படி வேண்டியவரின் விசுவாசத்துக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்? பாத்திரம் நீங்கவில்லை. மறுநாள் சிலுவை. இந்தப் போதனையின்படி கிறிஸ்துவே தேர்ச்சி பெறமாட்டார். கிறிஸ்துவைத் தோற்கடிக்கும் ஒரு தேர்வை கிறிஸ்தவப் பரீட்சை என்று நடத்துவதற்கு நமக்கு எவ்வளவு துணிச்சல்!

இரண்டாவது கிளைக்கு வருகிறேன். இது இன்னும் நுட்பமானது. நோயைப் பற்றியாவது வெளியே பேசலாம். வீட்டில் கத்துவதைப் பற்றி, கடையில் பொய் பில் போடுவதைப் பற்றி, நள்ளிரவில் கைப்பேசியில் பார்ப்பதைப் பற்றி எங்கே பேசுவது? "எப்போ இரட்சிக்கப்பட்டீங்க பிரதர்?" என்பது நம் முதல் விசாரிப்பு. அதற்கு ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் குடி, சிகரெட், சினிமா. பின்னால் ஒரே வெளிச்சம். சாட்சியின் அச்சு இதுதான். தேதிக்குப் பின்னால் நடந்த சறுக்கல்களுக்கு இந்த அச்சில் இடம் கிடையாது. ஆகவே மனிதர்கள் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆலயத்துக்கு வருகிறார்கள். சறுக்கல் பெரிதாகி மறைக்க முடியாதபோது ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். பின்மாற்றக்காரர் என்று அவர்களுக்கு நாம் ஒரு பெயரும் வைத்திருக்கிறோம்.

இந்த அச்சில் வார்க்கப்பட்ட சாட்சிகளில் உலகப் புகழ்பெற்றது ஜான் நியூட்டனுடையது. அடிமை வியாபாரி, கடலில் புயல், மனந்திரும்புதல், வியாபாரத்தை உதறிவிட்டு ஊழியம், கிருபையைப் பற்றிய அந்தப் பிரசித்தமான பாட்டு. பிரசங்கங்களில் இப்படித்தான் கேட்டிருப்போம். நடந்தது வேறு. புயல் 1748இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். 1754 வரை அந்தக் கடல் பயணம் நடந்தது. மேலே கப்பல் தலைவரின் அறையில் வேதவாசிப்பு, கீழ்த்தளத்தில் விலங்கிட்ட மனிதர்கள். அந்த வேலையை அவர் விட்டதும் மனச்சாட்சி குத்தி அல்ல, உடல்நலம் கெட்டதால். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் பகிரங்கமாக எழுதியது 1788இல்தான். புயலுக்கு நாற்பது வருடம் கழித்து. 1807இல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடைசெய்தது; அதே வருடக் கடைசியில் அவர் இறந்தார்.

இந்த நிஜமான நியூட்டன் நமக்கு ஏன் பிடிப்பதில்லை? அவர் மனந்திரும்புதல் பொய் என்று சொல்லவும் முடியவில்லை, அன்றே முடிந்துவிட்டது என்று சொல்லவும் முடியவில்லை. நாற்பது வருடம் கிருபை ஒரு மனிதனை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டிருந்தது என்ற உண்மை ஐந்து நிமிஷச் சாட்சிக்குள் அடங்காது. விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதல்தான் என்பது 1517இல் லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவது. சீர்திருத்தச் சபைகளின் பிள்ளைகளாகிய நாம் முதல் வாதத்தையே தாண்டவில்லை.

பேதுரு சேவல் கூவுமுன் மறுதலித்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு பதிலும் தயாராக இருக்கிறது: அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்னால், ஆவியைப் பெற்ற பிறகு பேதுரு சிங்கம். அந்தச் சிங்கத்தை அந்தியோகியாவில் போய்ப் பாருங்கள். புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். இது ஆவியைப் பெற்ற பிறகு, ஆயிரக்கணக்கானவர்களை மனந்திருப்பிய பிறகு, சபையின் தூண் என்று பெயர் வாங்கிய பிறகு நடந்த விழுகை.

அந்த விழுகை எதில் என்று கவனியுங்கள். குடியில் அல்ல, சினிமாவில் அல்ல. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில். தமிழ்க் கிறிஸ்தவனுக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கும் பாவம் வேறு எது? ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கத்தை விடச் சொல்லி 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு நாலு வருடம் முன்பே, சாதி வழக்கத்தில் கைவைத்த மிஷனரிமாருக்கு எதிராகத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியிருந்தார். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் நமக்கு ஆராதனை இல்லை. இன்று கல்யாணப் பேச்சில் சாதி கேட்காத விசுவாசக் குடும்பங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் "என் மகள் விரும்பியவனைச் சாதி பார்த்துத் தட்டிக்கழித்தேன், ஜெபியுங்கள்" என்று ஒரு சாட்சி உண்டா? வரதட்சணை வாங்கினேன் என்று, மீட்டர் வட்டிக்கு விட்டேன் என்று? எதைப் பாவம் என்று எண்ணுவது என்பதையே சாட்சியின் அச்சு முடிவுசெய்துவிட்டது. விட்டுவிட்டவை மட்டும் பாவங்கள். இன்னும் செய்துகொண்டிருப்பவை குடும்ப விவகாரங்கள்.

ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர் இதைத் தெளிவாகப் பார்த்தார். இரகசியப் போலீஸ் 1937இல் இழுத்து மூடிய ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியின் அனுபவத்திலிருந்து 1939இல் வெளியிட்ட சிறு நூலில், பக்திமான்களின் ஐக்கியம் யாரையும் பாவியாக இருக்க விடுவதில்லை, ஆகவே ஒவ்வொருவனும் தன் பாவத்தோடு தனியாகிவிடுகிறான் என்ற பொருளில் எழுதினார். ஒருவர் பாவத்தை ஒருவரிடம் அறிக்கையிடுவதே அந்தத் தனிமையை உடைக்கும் வழி என்பது அவர் முடிவு. புதிய போதனை ஒன்றும் அல்ல. எண்ணெய் பூசச் சொன்ன யாக்கோபு அதே மூச்சில் சொன்னது. எண்ணெயை எடுத்துக்கொண்டோம், அறிக்கையை விட்டுவிட்டோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குடியிலிருந்து விடுபட நினைப்பவர்களுக்காக 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், கிறிஸ்தவப் பின்னணியுள்ள ஓர் இயக்கத்திலிருந்து அறிக்கையிடும் பழக்கத்தை எடுத்துக்கொண்டது. செய்த தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது அதன் ஐந்தாம் படி. அவர்களுடைய கூட்டங்கள் பல ஊர்களில் ஆலயத்தைச் சேர்ந்த கூடங்களிலேயே நடக்கின்றன. வாரநாள் சாயங்காலத்தில் ஒருவன் அங்கே உட்கார்ந்து, "ஒன்றரை வருஷம் குடிக்காம இருந்தேன், முந்தாநாள் குடிச்சுட்டேன்" என்று சொல்லலாம். சுற்றியிருப்பவர்கள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போடுவார்கள். அதே வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனால் அதைச் சொல்ல முடியாது. சுவிசேஷம் கூடத்தில் இருக்கிறது. ஆலயத்துக்குள் இன்னும் வரவில்லை.

உடனே ஒரு ஆட்சேபம் எழும்: இப்படிப் பேசினால் பாவத்துக்கு லைசென்ஸ் கொடுத்ததாகாதா? தவறுவது சகஜம் என்று சொல்லிவிட்டால் எவன் திருந்துவான்? நியாயமான பயம். மலிவான கிருபையைத் தாக்கி 1937இல் எழுதியவரும் இதே போன்ஹோஃபர்தான் என்பதை நினைவில் வைப்போம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எந்தப் பாவத்துக்கு லைசென்ஸ் உண்மையில் கிடைத்திருக்கிறது? வெளியே சொன்னதற்கா, மறைத்ததற்கா? சொன்னவனுக்கு மறுநாள் காலையில் ஒருவர் போன் பண்ணி, எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்பார். மறைத்தவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அறிக்கையிடுவது அவமானத்தைக் கையில் வாங்குவது. அதில் மலிவு எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் வேலி போட வேண்டும். துன்பத்தில் விசுவாசம் உண்டு என்று சொன்னதும், அதை எடுத்துக்கொண்டு அடிவாங்கும் மனைவியிடம், "பொறுத்துக்கோ, சிலுவையைச் சும" என்று திருப்பி அனுப்பும் மூப்பர்கள் இருக்கிறார்கள். புருஷன் கை ஓங்குவது அவள் சுமக்க வேண்டிய சிலுவை அல்ல, அவன் செய்யும் குற்றம். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்காகத்தான் இருக்கிறது. சபை அவளைச் சட்டத்திடம் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். அதுபோலவே, காணிக்கையைக் கையாடியவரும் பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரும் மேடையில் அழுது அறிக்கையிட்டுவிட்டு அடுத்த ஞாயிறு அதே மேடையில் ஏறுவதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல. சகேயு வாயால் மட்டும் அறிக்கையிடவில்லை. நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

அப்படியானால் வெற்றி இல்லாத இடத்தில் விசுவாசத்தை எப்படித்தான் அடையாளம் காண்பது? சங்கீதப் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். பெரும்பாலான புலம்பல்கள் துதியில் முடியும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வசனம் ஒன்றைக் கடைசியில் ஒட்டவைக்க யாரும் முயலவில்லை. ஆனால் அதுவும் ஒரு ஜெபம். முறையிடுகிறவன் கடவுளிடம்தான் முறையிடுகிறான். பதில் வராதவரிடம் பேச்சை நிறுத்தாமல் இருப்பது விசுவாசம். உணர்ச்சி எதுவும் எழாத காலையில் ஜெபிக்க உட்காருவதும், சுகம் கேட்டு ஜெபித்துவிட்டு இன்சுலினையும் போட்டுக்கொள்வதும், பிள்ளையை அநியாயமாகத் திட்டிவிட்டு ராத்திரிக்குள் அவனிடமே மன்னிப்புக் கேட்பதும், நாளை மறுபடி திட்டிவிட்டால் மறுபடி கேட்பதும் விசுவாசம். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அன்றன்றைய அப்பத்துக்கு அடுத்த வேண்டுதலே மன்னிப்பு. பசி தினமும் வரும் என்று தெரிந்தவருக்குத் தவறும் தினமும் வரும் என்று தெரிந்திருந்தது.

சபை செய்ய வேண்டியதற்கும் முன்மாதிரி இருக்கிறது, நியூட்டனிடமே இருக்கிறது. ஓல்னி ஊரில் அவருடைய நண்பர் கவிஞர் வில்லியம் கூப்பர். இரட்சகரின் இரத்த ஊற்றைப் பற்றி அவர் எழுதிய பாட்டைத் தமிழிலும் இன்றுவரை பாடுகிறோம். 1773இல் கூப்பரின் மனம் முறிந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் 1800இல் சாகும்வரை அவரை விடவில்லை. ஆலயத்துக்குப் போவதும் நின்றுவிட்டது. நியூட்டன் அவருக்குப் பிசாசு ஓட்டவில்லை. ஓராண்டுக்கும் மேலாகத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு லண்டனுக்கு மாறிப்போன பின்னும் கடிதம் எழுதுவதை விடவில்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் செய்ததும் இதுவே: பிரசங்கம் இல்லை, விசாரணை இல்லை, அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்று நாம் பெருமையாகச் சொல்வது வழக்கம். சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள், வாளுக்குத் தப்பினவர்கள் என்று வரிசையாக வாசித்து, கைதட்டி, அங்கேயே நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த மூச்சிலேயே வேறு சிலர் வருகிறார்கள்: அடிக்கப்பட்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள், வெட்டுண்டவர்கள், ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு குகைகளில் அலைந்தவர்கள். வாளுக்குத் தப்பினவனுக்கும் வாளால் செத்தவனுக்கும் அந்த நிருபம் கொடுப்பது ஒரே நற்சாட்சி. விசுவாசத்தில் ஒருவன் கூட, ஒருவன் குறைய என்று அதில் ஒரு சொல் இல்லை. பட்டியலின் பிற்பாதியைச் சேர்ந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். சிலர் நம் பெஞ்சுகளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீடுகளைத் தேடிப்போய்க் கதவைத் தட்டுவது இனி நம் வேலை. அங்கே நாம் முதலில் சொல்ல வேண்டியது ஆறுதல் அல்ல. யோபுவிடம் அவன் நண்பர்கள் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு.